கவர் எடுத்த கை

தட்டில் இருந்த கவர்களில் ஒன்றைத் தொடப்போன சிறுமியின் கையை டாக்டரம்மா சட்டென்று தள்ளிவிட்டார்.

"நீ எடுக்கக் கூடாது."

ஒன்பது வயசுப் பெண். முகம் சுண்டிப்போய் அப்பாவைப் பார்த்தாள். அவருக்குச் சுருக்கென்றது.

அவர் லிஃப்ட் மெக்கானிக். காலையில் வண்டியில் அடிபட்டுப் பின்னங்கால் முறிந்துபோன நாயைத் துணியில் சுற்றி, இந்தக் கால்நடை ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வந்திருந்தார். நாயின் பெயர் பொட்டலம். குட்டியாக வீட்டுக்கு வந்த அன்றைக்கு அட்டைப்பெட்டியில் இருந்ததால் மகள் வைத்த பெயர். அவளுக்கு அதுதான் உயிர்.

டாக்டரம்மா எதையும் ஒளிக்கவில்லை. எலும்பில் தகடு வைத்து முடுக்குவது பழைய முறை. சின்னத் துளை போட்டு உள்ளே கம்பி செலுத்துவது புது முறை. எது மேல் என்று தெரிந்துகொள்ளத்தான் ஆராய்ச்சி. எந்த நாய்க்கு எந்த முறை என்பதை, தட்டிலிருந்து எடுக்கிற ஒட்டின கவருக்குள் இருக்கும் சீட்டுதான் முடிவு செய்யும். இஷ்டமில்லை என்றால் பழைய முறையிலேயே செய்துவிடலாம், ஒன்றும் கட்டாயமில்லை என்றும் சொல்லிவிட்டார். மெக்கானிக் சம்மதப் படிவத்தை இரண்டு தடவை படித்துப் பார்த்துத்தான் கையெழுத்துப் போட்டார்.

"எம் பொண்ணு கைராசிக்காரி டாக்டர். அவ நாய், அவளே எடுக்கட்டுமே" என்றார்.

"வீட்டு ஆளுங்க யாரும் கவரைத் தொடக் கூடாது சார். விதி அப்படி."

"நானுமா?"

"நீங்களும்தான்."

விதி என்றதும் அவர் அடங்கிவிட்டார். ஆறு பேர் ஏறும் லிஃப்டில் ஏழாவதாக மந்திரியே வந்தாலும் இறக்கிவிடுகிற ஆள் அவர்.

டாக்டரம்மாவே எடுத்துப் பிரித்தார். புது முறை.

பத்து நாள் நன்றாகத்தான் போயிற்று. பிறகு உள்ளே சீழ் பிடித்தது. டாக்டரம்மா ஞாயிற்றுக்கிழமைகூட வந்து தரையில் மண்டியிட்டு உட்கார்ந்து, தன் கையாலேயே புண்ணைக் கழுவிக் கட்டுப் போட்டார். குணத்தில் கறார்தான், வேலையில் குறை சொல்ல முடியாது என்று மெக்கானிக் தன் மனைவியிடம்கூடச் சொன்னார். என்ன செய்து என்ன? மூன்றாவது வாரம் அந்தக் காலையே எடுக்கவேண்டியதாகிவிட்டது.

நாயை வீட்டுக்கு அழைத்துப்போக மகளோடு வந்த அன்று, கூண்டு கழுவுகிற ஆயா பேச்சுக் கொடுத்தாள்.

"பாவம், பாப்பா அழுது அழுது மூஞ்சியே வீங்கிக் கிடக்கு. அன்னிக்குக் கவரை நீங்கதானே எடுத்தீங்க?"

"வீட்டு ஆளுங்க எடுக்கக் கூடாதுன்னு விதியாமே."

"எனக்குத் தெரிஞ்சு அப்படி ஒரு விதியும் கிடையாது. நாயைக் கொண்டாந்தவங்களைத்தான் எடுக்கச் சொல்வாங்க."

அவருக்கு ஆத்திரம் தலைக்கேறியது. அப்படியென்றால் அந்த டாக்டர் வேண்டுமென்றே எடுத்திருக்கிறாள். தன் ஆராய்ச்சிக்கு எந்தச் சீட்டு வேண்டுமோ அதைப் பார்த்து எடுத்து, என் குழந்தையின் நாயைப் பலி கொடுத்திருக்கிறாள். விறுவிறுவென்று டாக்டரம்மாவின் அறைக்குப் போனார். வாசலிலேயே மகளின் குரல் கேட்டது.

"நீங்கதான் எடுத்தீங்க. நான் எடுத்திருந்தா பொட்டலத்துக்குக் கால் போயிருக்காது. உங்க கை கெட்ட கை."

"ஆமாம்மா, நான்தான் எடுத்தேன்."

"உங்களை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது."

"சரிம்மா."

அழுதுகொண்டே அப்பாவைத் தாண்டி நாயிடம் ஓடினாள் சிறுமி. அவர் உள்ளே நுழைந்தார்.

"விதி கிதின்னு எங்கிட்டப் பொய் சொன்னீங்களா?"

"சொன்னேன் சார்."

"வேண்டிய கவரைப் பார்த்து எடுத்துக்கத்தானே?"

டாக்டரம்மா மீதிக் கவர்கள் இருந்த தட்டை அவர் பக்கம் தள்ளினார். எல்லாம் ஒரே நிறம், ஒரே கனம். "இதையெல்லாம் ஒட்டி அனுப்பறது வேற இடத்துல. உள்ள என்ன இருக்குன்னு எனக்கும் தெரியாது. நீங்களே பாருங்க."

புரட்டிப் புரட்டிப் பார்த்தார். ஒரு பொட்டு அடையாளம் இல்லை. பழைய முறைச் சீட்டு வந்திருந்தாலும் சீழ் பிடித்திருக்கலாம் என்பதும் அப்போதுதான் அவருக்கு உறைத்தது. குரல் இறங்கிவிட்டது.

"பின்னே எதுக்கும்மா அந்தப் பொய்?"

கதவு சாத்தியிருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார் டாக்டரம்மா.

"நீங்க எடுத்திருந்தா உங்களைத் திட்டியிருப்பா. நீங்க அவளுக்கு வேணும் சார். நான் யாரோதானே, என்னை நல்லாத் திட்டட்டும். பொட்டலம் மூணு காலோட நாளைக்கே ஓட ஆரம்பிச்சுடும். ஆனா, 'என் கைதான் கெட்ட கை'ன்னு ஒரு குழந்தை மனசுல விழுந்துட்டா, அதைச் சரிபண்ற ஆபரேஷன் எனக்குத் தெரியாது."