பின்சீட்டு

"இந்தப் பின்சீட்டு பரணு மாதிரி இருக்கு. சேலையோட எப்பிடி ஏற?" என்று ஷைஜா கேட்கும்போதெல்லாம் அவள் கணவன் எபின், "ரேஸ் வண்டின்னா அப்பிடித்தான் இருக்கும் ஏட்டி, பழகிக்கோ" என்பான். கழிந்த ஞாயிறு சர்ச் வாசலில் எல்லோரும் பார்க்க அவள் சறுக்கி விழுந்தபோதும் அதையேதான் சொன்னான்.

சனிக்கிழமை சாயங்காலம் அவன் வண்டியை வீட்டில் விட்டுவிட்டு வெளியே போன நேரம் பார்த்து மெக்கானிக் ரிஜோவை வரவழைத்தாள் ஷைஜா.

"முன்சீட்டைத் தாழ்த்து. ஹேண்டில்பாரை உயர்த்து."

"அண்ணனுக்குக் கால்முட்டு இடிக்குமே அக்கா!"

"இடிக்கட்டும்."

"பின்சீட்டு?"

"அதைத் தொடாத."

ஞாயிறு காலை வண்டியில் உட்கார்ந்த எபின் அலறினான். "எவன்டி இதுல கை வச்சது? நான் எப்பிடி ஓட்ட?"

"நீங்க எதுக்கு ஓட்டணும்? இறங்குங்க."

அன்று சேலைக்குப் பதில் சுடிதார் போட்டிருந்த ஷைஜா, புது லைசென்ஸை அவன் முகத்துக்கு நேரே காட்டிவிட்டு ஏறி அமர்ந்தாள். இரண்டு காலும் தரையில் பதிந்தன.

எபின் பின்சீட்டைப் பார்த்து விழித்தான். "இதுல எப்பிடி ஏற?"

"ரேஸ் வண்டின்னா அப்பிடித்தான் இருக்கும். பழகிக்கிடுங்க."