ஷைனியின் இலை

"பாப்பா, கொஞ்சம் எழுந்திரு கண்ணு. அம்மா எங்க உட்கார்ந்திருக்காங்க? அவங்க இலையிலேயே சாப்பிடுவியாம்."

கல்யாண மண்டபத்தில் மதியப் பந்தி. இலையில் உப்பும் ஊறுகாயும் பாசிப்பருப்புக் கோசம்பரியும் விழுந்தாயிற்று. வரிசைக்கு முன்னால் நின்று, தாரணிக்கு இடப்பக்கம் இருந்த ஏழு வயதுச் சிறுமியிடம் குழைந்துகொண்டிருந்தார் கோவிந்தராஜன் மாமா. மணப்பெண் பிரபாவுக்குத் தாய்மாமா. பிரபாவின் சித்தி மகளான தாரணிக்கும் அவரே. அவர் முதுகுக்குப் பின்னால் மாப்பிள்ளையின் பெரியப்பா கிருஷ்ணப்பா, ஊன்றுகோலுடன்.

"எங்கம்மா வரல அங்கிள், டியூட்டிக்குப் போயிட்டாங்க. எனக்குதான் பத்திரிகை" என்றாள் சிறுமி.

"உனக்கா?"

"ஆமா. பிரபாக்கா என் பேர் எழுதியே குடுத்தாங்க. செல்வி ஷைனி ஓஸ்வால்ட். நான் கிஃப்ட்கூட குடுத்துட்டேன். கலர் பென்சில்."

ஆஸ்டின் டவுனில் பிரபா வீட்டுக் கீழ்ப்போர்ஷன் குழந்தை. மாமாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சரிடா செல்லம். அடுத்த பந்தியில உன்னை ராணி மாதிரி உட்கார வைக்கிறேன். இப்போ தாத்தாவுக்கு இடம் குடு."

ஷைனியின் முகம் சுருங்கியது. ஒபட்டு என்கிற போளித் தட்டு வரிசையின் அந்த முனைக்கு வந்துவிட்டிருந்தது.

தாரணிக்கு இது போதாதா? சட்டக் கல்லூரியில் இரண்டாம் வருஷம். அவளிடம் மணி என்ன என்று கேட்டால்கூட, "எதுக்குக் கேக்கறீங்க, அதைச் சொல்லுங்க முதல்ல" என்பாள்.

"மாமா, ஒரு நிமிஷம். அவளை எதுக்கு எழுப்பறீங்க?"

"வந்துட்டாய்யா வக்கீலம்மா! சம்பந்தி வீட்டுப் பெரியவர்டி. முட்டியில ஆபரேஷன் ஆனவரு. எவ்வளவு நேரம் நிப்பாரு?"

"பர்வாகில்ல, நான் அடுத்த பந்தியில..." என்று கன்னடம் கலந்து ஆரம்பித்தார் கிருஷ்ணப்பா. யார் காதிலும் விழவில்லை.

"அவர் உட்காரட்டும், வேணாம்னு யார் சொன்னா? வரிசையில இத்தனை பேர் இருக்கோம். உங்க கண்ணுக்குக் குழந்தை மட்டும்தான் தெரிஞ்சாளா?" கோசம்பரியை ஒரு வாய் போட்டுக்கொண்டாள் தாரணி.

"குழந்தைங்க ஓரமா உக்காந்து சாப்பிடுறது எங்கேயும் நடக்கிறதுதானேடி? கேட்டரிங்காரனே ரெண்டு பசங்களுக்கு ஒரு இலைன்னுதான் கணக்கு போடறான்."

"அப்போ பத்திரிகையைப் பாதியா கிழிச்சுக் குடுத்திருக்கணும்! வாசல்ல பன்னீர் தெளிக்கக் குழந்தை வேணும், பூ தூவக் குழந்தை வேணும், போட்டோவுக்கு முன்னாடி நிறுத்தக் குழந்தை வேணும். சாப்பாடுன்னா மட்டும் அம்மா மடியா?"

"கரெக்டா கேட்டேம்மா!" என்றார் வலப்பக்கத்து இலைக்காரர், வாய் நிறைய.

ஆதரவு கிடைத்தால் தாரணிக்குக் குரல் ஒரு படி ஏறிவிடும். அவர் பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். மாமாவும் விடாமல் அந்தப் பக்கம் நகர்ந்து வந்தார்.

"பெரியவங்களுக்கு மரியாதை பண்றது தப்பாடி?"

"பண்ணுங்க. தாராளமா பண்ணுங்க." ஒபட்டு வந்தது. "அண்ணா, நெய் இன்னும் கொஞ்சம்... ஆங், போதும். எங்க விட்டேன்? மரியாதை! உங்க கையிலிருந்து பண்ணுங்க மாமா. அடுத்தவங்க இலையிலிருந்து எடுத்துப் பண்ணாதீங்க. எதிர்த்துப் பேச முடியாதவங்களாப் பார்த்து எழுப்பறதுக்குப் பேர் மரியாதையில்ல. வசதி!"

சொல்லி முடித்ததும் அவளுக்கே உடம்பு சிலிர்த்தது. காலேஜ் டிபேட்டில் இப்படி ஒரு வரி வாயில் வந்து விழுந்ததில்லை. வரிசையே மென்றுகொண்டு தலையாட்டியது.

"ஒரு இலைக்கு இவ்வளவு பேச்சாடி?"

"இலை இல்ல மாமா, கொள்கை." சாதத்தில் குழி பறித்துச் சாம்பாரை வாங்கிக்கொண்டாள்.

"உன்னைக் கட்டிக்கப்போறவன் பாவம்."

"அந்த டாபிக்குக்கு அப்புறம் வரேன். முதல்ல இதுக்குப் பதில் சொல்லுங்க. பத்திரிகை வெச்சு அழைச்சவங்க விருந்தாளியா, இல்லையா?"

"விருந்தாளிதான்."

"விருந்தாளியைப் பந்தியிலிருந்து எழுப்பலாமா?"

மாமா இரண்டு கைகளையும் தலைக்கு மேல் தூக்கிக் கும்பிட்டார். "ஆளை விடு தாயே. நான் யாரையும் எழுப்பல. நீ ஜெயிச்சே, நான் தோத்தேன். வாங்க சம்பந்தி, நாம அடுத்த..."

திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை.

தாரணிக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. ஜெயித்த கையோடு இடப்பக்கம் திரும்பினாள். "நீ பயப்படாம சாப்பிடு ஷைனி. இனிமே உன்னை ஒருத்தரும்..."

நாற்காலியில் கிருஷ்ணப்பா உட்கார்ந்து, ஒபட்டை நெய்யில் தோய்த்துக்கொண்டிருந்தார். நாற்காலிக்குப் பின்னால், தன் நெஞ்சு உயரத்துக்கு இருந்த ஊன்றுகோலை இரண்டு கைகளாலும் பிடித்தபடி ஷைனி நின்றிருந்தாள்.

"ஏய், நீ ஏன் எழுந்தே? யார் எழுப்பினது?"

"யாரும் எழுப்பலக்கா. தாத்தாவுக்குக் கால் நடுங்கிச்சு. இங்க வாங்கன்னு கூப்பிட்டேன், வந்துட்டாரு."

"உனக்காகத்தானே நான் தொண்டை கிழியக் கத்தினேன்! என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா?"

ஷைனி, தாரணியின் இலையை எட்டிப் பார்த்தாள்.

"முதல்ல உங்களைத்தான் எழுந்திருக்கச் சொல்லலாம்னு பார்த்தேன்க்கா. அதுக்குள்ள நீங்க சாப்பிட ஆரம்பிச்சுட்டீங்க."