பிரேக்கர் விழுந்துடுச்சு

"அண்ணா, மறுபடியும் பிரேக்கர் விழுந்துடுச்சு. கொஞ்சம் வர்றீங்களா?"

எலக்ட்ரீஷியனுக்குச் சலிப்புத் தட்டியது. இந்த மாதத்தில் அந்த வீட்டுக்கு எத்தனையாவது தடவையோ!

அங்கே மாமியாருக்கு மூட்டுவலி. வெந்நீரில் உட்காரணும் என்று டாக்டர் சொன்னதால் பின்பக்கம் ஒரு ஹாட் டப் போட்டிருந்தார்கள். தண்ணீரில் கரன்ட் கசிந்தால் சட்டென்று சப்ளையைத் துண்டிக்கிற பிரேக்கரை, தொட்டியிலிருந்து தள்ளி, வராந்தாக் கோடியில் மாட்டியவர் இவர்தான்.

"அது தானா விழுந்தா நீங்களா தூக்கிவிடாதீங்க. உயிர் விஷயம். என்னைக் கூப்பிடுங்க" என்று சொன்னதும் இவர்தான். சொன்ன வாய்க்கு இப்போது அனுபவிக்கிறார்.

மருமகள் கதவைத் திறந்தாள். ஆபீஸ் பையைக்கூட இன்னும் இறக்கி வைக்கவில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டே நடந்து, பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"இன்னிக்கும் அத்தையைத் தொட்டியில இறக்க முடியாது போல."

சொன்னவளின் உதட்டோரம் லேசான சிரிப்பு. அவர் அதைக் கவனித்துக்கொண்டார்.

ஹீட்டரைக் கழற்றிப் பார்த்தார். மோட்டாரைப் பார்த்தார். எங்கேயும் கசிவு இல்லை. அப்படியானால் யாரோ வேண்டுமென்றே டெஸ்ட் பட்டனை அமுக்குகிறார்கள். அமுக்கினால் பிரேக்கர் விழும். மாதம் ஒரு தடவை அமுக்கிச் சரிபார்க்கச் சொல்லி இவரே வீட்டில் எல்லாருக்கும் காட்டிக்கொடுத்திருக்கிறார்.

வேறு யார்? மாமியாரைத் தூக்கி இறக்கச் சோம்பல்பட்டு... அட, இப்படியும் ஒரு மருமகளா! இன்றைக்கு நறுக்கென்று கேட்டுவிட வேண்டியதுதான்.

பிரேக்கர் பெட்டியை மூடப்போனவர் நின்றார். டெஸ்ட் பட்டனில் ஏதோ பிசுபிசுத்தது. விரலை மோந்து பார்த்தார். மூட்டுவலித் தைலம்.

நேரே மாமியாரின் அறைக்குப் போனார்.

"ஏம்மா, நீங்களா?"

"சத்தம் போடாதே தம்பி. நாள் பூரா உழைச்சுட்டு வந்து, என்னைத் தூக்கித் தூக்கி அவ இடுப்பே விட்டுப்போச்சு. வேண்டாம்னா கேக்கறாளா? டாக்டர் சொல்லிட்டாராம்! கரன்ட் கசியுதுன்னாதான் பயப்படுவா. ரெண்டு நாள் முதுகைச் சாய்க்கட்டுமே, பாவம்."

அவருக்கு ஒரு மாதிரி ஆகிவிட்டது. சற்று முன் நினைத்ததற்காகத் தன்னையே திட்டிக்கொண்டார்.

வெளியே வந்து, "ஈரம் இறங்கியிருக்கும்மா. ரெண்டு நாள் காயட்டும். நான் வந்து போட்டுவிடறேன்" என்று கூசாமல் பொய் சொன்னார்.

மருமகள் வாசல்வரை கூடவே வந்தாள். குரலைத் தாழ்த்தினாள்.

"அத்தைதான் அமுக்கறாங்கன்னு எனக்குத் தெரியும்ணா."

"தெரியுமா? அப்புறம் எதுக்கும்மா என்னை இப்படி அலைய விடறீங்க?"

"நீங்க சரி பண்ணி வெச்சாத்தானே மறுபடியும் அமுக்க வருவாங்க? நடங்க, நடங்கன்னு டாக்டர் தலைபாடா அடிச்சுக்கறார். கட்டிலை விட்டு இறங்கினாத்தானே! இதுக்காக மட்டும்தான் சுவரைப் பிடிச்சுக்கிட்டு அவ்வளவு தூரம் நடக்கறாங்க" என்றவள், உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டு சொன்னாள்:

"அடுத்த தடவை வரும்போது, அந்தப் பெட்டியை இன்னும் பத்தடி தள்ளி மாட்டிடுங்கண்ணா."