கொக்கிஸ் அச்சு

முதல் அடி மெற்றில்டாவின் முழங்கைக்குக் கீழே விழுந்தது.

சீறல் ஒன்று. பிறகு மணம்.

கொதிக்கும் எண்ணெயில் கிடந்து காய்ந்த, கொக்கிஸ் பலகாரம் சுடும் அச்சு அது. நீளக் கம்பியின் நுனியில் ஓர் இரும்புப் பூ. மெற்றில்டாவின் தோலில் இதழ்கள் தனித்தனியாகத் தெரிந்தன.

அச்சைப் பிடித்திருந்தவள் மறுபடி கையை ஓங்கினாள். இந்த முறை முகத்துக்கு.

ஸ்காபரோவில், தேவாலயத்தின் நிலக்கீழ்ச் சமையலறை. திருவருகைக்காலத்தின் முதல் கிழமை. நத்தார் பலகாரத்துக்கு வந்த பெண்கள் சுவரோடு ஒட்டிக்கொண்டார்கள்.

சற்று முன்புதான் பிலோமினா அன்ரி மாவைக் கரைத்தபடி பகிடி விட்டார்.

"இந்த முறையும் கொக்கிஸ் கழராட்டி என்ர மாவில பிழையில்லை. ஃபாதர் ஆசீர்வதிச்சதிலதான் பிழை."

எல்லோரும் சிரித்தார்கள். அச்சோடு நின்ற அவள்கூட வாயை மெல்ல அசைத்தாள்.

அப்போது மெற்றில்டா படியிறங்கி வந்தாள்.

மாசிப் பனியில், கடைத்தொகுதியின் வாகனத் தரிப்பிடத்தில், மெற்றில்டாவின் மகன் இவளுடைய மகன் ஜெனிஸ்ரனைக் குத்தினான். இரண்டு பேரும் ஒரே பீடத்தில் மணி அடித்து வளர்ந்தவர்கள்.

கத்தி மெற்றில்டாவின் அடுக்களைக் கத்தி. வெங்காயம் வெட்டுவது.

விலாவில் பட்டு முறிந்தது. பிடி பனியில் கிடந்தது. அலகை ஜெனிஸ்ரனுக்குள் இருந்து எடுத்தார்கள்.

செத்த வீட்டில் அந்த வருடம் பலகாரச் சட்டி வைப்பதில்லை. அயலார் கொண்டுவந்து கொடுப்பார்கள். அவளை வர வேண்டாம் என்றுதான் எல்லோரும் சொன்னார்கள். வந்தாள். இது அவளுடைய வீட்டுச் சட்டி இல்லை.

போன ஞாயிறு பங்குத்தந்தை அவளை முன்னே அழைத்து, திருவருகைக்கால வளையத்தின் ஊதா மெழுகுதிரிகளில் முதலாவதைக் கொளுத்தச் சொன்னார். எதிர்நோக்கின் திரி.

அவள் நெருப்பை வாங்கவில்லை. திரியைப் பிடுங்கி முழங்காலில் வைத்து முறித்தாள்.

யாரோ அதற்கு ஒட்டுநாடா சுற்றி, மறுபடி வளையத்தில் குத்தி வைத்திருக்கிறார்கள். சாய்ந்து நிற்கிறது.

கொக்கிஸ் சுட இரண்டு பேர் வேண்டும். ஒருவர் அச்சை மாவில் தோய்த்து எண்ணெயில் பிடிப்பார். மற்றவர் முள்ளுக்கரண்டியால் கழற்றிவிடுவார். வருடாவருடம் சட்டிக்கு இந்தப் பக்கம் இவள், அந்தப் பக்கம் மெற்றில்டா.

இன்று அந்தப் பக்கத்துக்கு ஒருவரும் வரவில்லை. அந்த இடத்துக்கு வர எல்லோருக்கும் பயம்.

மெற்றில்டா குளிரங்கியைக் கழற்றினாள். முள்ளுக்கரண்டியை எடுத்தாள். வந்து தன் இடத்தில் நின்றாள்.

அவ்வளவுதான். அடி விழுந்தது.

இப்போது சுவரோரம் ஒருத்தி கைத்தொலைபேசியை எடுத்தாள்.

"பொலிஸ் வேண்டாம்," என்றாள் மெற்றில்டா. "வீட்டுக்கு ஒருக்கா வந்தது காணும்."

ஓங்கிய கை இறங்கவில்லை. அது எங்கே விழப்போகிறது என்று மெற்றில்டாவுக்குத் தெரிந்துவிட்டது.

கண்ணாடியைக் கழற்றினாள். மடித்து, சட்டிக்குப் பக்கத்தில் மேசையில் வைத்தாள்.

கண்களை மூடவில்லை.

கண்ணாடி இல்லாத அந்த முகத்தை இவள் முன்பு கண்டதில்லை. மூக்கின் இரண்டு பக்கமும் பள்ளம். அதற்கு மேல் மங்கலாகப் பார்க்கிற, சிறுத்த கண்கள்.

மேலே பிள்ளைகள் பாட்டுப் பழகினார்கள். ஒரே வரியில் பிசகினார்கள். நிறுத்தினார்கள். திரும்பத் தொடங்கினார்கள்.

அச்சின் நுனியில் எண்ணெய் திரண்டு, சொட்டி, நின்றது.

"அச்சு ஆறீட்டுது, அக்கா."

மெற்றில்டாவின் குரலில் கேலி இல்லை. கெஞ்சலும் இல்லை.

இவள் அச்சை எண்ணெயில் இறக்கினாள்.

எதற்காகச் சூடாக்குகிறாள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை. எண்ணெய் புகைந்தது. பிலோமினா அன்ரி மாச்சட்டியை அணைத்துப் பிடித்தபடி செபம் சொன்னார்.

அச்சை வெளியே எடுத்தாள்.

அருகே மாச்சட்டி. எதிரே அந்த முகம். இரண்டும் கையெட்டும் தூரம்.

மாவுக்குள் விட்டாள்.

சீறியது. அழுத்திய வேகத்தில் அச்சு முழுதாக மூழ்கிவிட்டது. முக்கால்வாசிதான் தோய்க்க வேண்டும். மேலேயும் மாவு மூடினால் இரும்பைக் கவ்விக்கொள்ளும். புதிதாகப் பழகுகிறவர்கள் விடும் பிழை.

எண்ணெயில் பிடித்தாள். கழலவில்லை.

உதறினாள். கழலவில்லை.

சட்டி விளிம்பில் அடித்தாள். எண்ணெய் தெறித்து அவளுடைய மணிக்கட்டைச் சுட்டது. இன்னும் ஓங்கி அடித்தாள். சட்டி ஆடியது. ஒவ்வோர் அடிக்கும் மகனின் பெயரைச் சொன்னாள். ஜெனிஸ்ரன். ஜெனிஸ்ரன். குரல் உடைந்து பெயர் வெறும் சத்தமானது. அதன் பிறகும் அடித்தாள்.

அந்தப் பக்கமிருந்து முள்ளுக்கரண்டி நீண்டது.

கொப்பளம் எழும்பிய கை. அது கம்பியைத் தொடவில்லை. மாவை மட்டும் தொட்டது. ஓர் இதழ். பிறகு அடுத்தது. கருகின இடத்தைக் கீறி, உள்ளே விட்டு, நெம்பியது.

கொக்கிஸ் இரண்டாக உடைந்து எண்ணெயில் மிதந்தது.

மெற்றில்டா துண்டுகளை அள்ளித் தாளில் போட்டாள். திரும்பி வந்து தன் இடத்தில் நின்றாள். கண்ணாடியை எடுக்கவில்லை. முகத்தை அப்படியே வைத்திருந்தாள்.

இவள் அச்சை மறுபடி சூடேற வைத்தாள்.

மேசையில் கண்ணாடி கிடந்தது. ஒரு வில்லையில் எண்ணெய்த் துளி.

வலது கை கம்பியை விடவில்லை. இடது கையால் கண்ணாடியை எடுத்தாள். சேலைத் தலைப்பில் துடைத்தாள்.

எண்ணெய் தெறிக்காத இடமாகப் பார்த்து, தள்ளி வைத்தாள்.