ஆர்மோனியம் நின்றபோதும் ஆடிய முள்

மைக்குகளின் ஒயரெல்லாம் வந்து சேரும் மிக்சர் பெட்டிக்குப் பின்னால் நான், சிவானந்தம். எனக்கு எதிரே, மேடைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கோயில் தலைவர் நல்லசாமி. மேடையில் ஆர்மோனியத்தோடு ஐயாவு. மைக்கின் முன்னால் என் மருமகள் லீலாவதி. விசயத்தைக் கிட்ட இருந்து பார்த்தவர்கள் இந்த நாலு பேர்தான். மற்றவர்கள் சொல்வதெல்லாம் பந்தலில் தள்ளி இருந்து பார்த்தது.

எண்பத்தாறாம் வருடம். மலேசியாவில், புக்கிட் ரோத்தான் பக்கம் எங்கள் தோட்டத்து மாரியம்மன் திருவிழா. மத்தியான நேரம்.

பாட்டுகளைக் கேசட்டில் பதியச் சொன்னது நல்லசாமிதான். வெள்ளிக்கிழமை காலையில் கோயிலில் போட வேண்டுமாம்.

லீலாவதி முதல் அடியைத்தான் பாடியிருந்தாள். அதற்குள் அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

“அண்ணே, அந்த மைக்க மூடுங்க. தாலி எறங்கி வருசம் திரும்பல. ஊருல வேற ஆளே இல்லையா லா, அம்மனுக்குப் பாட?”

தாலி இறங்கியது என் மகன் தனபாலன் போனதால். சபாக் சாலையில், லோரி மோதி. அதற்கு மேல் அதைப் பற்றி நான் பேசுவதில்லை.

மிக்சர் அவன் வாங்கியது. எல்லாவற்றையும் கழற்றிக்கொண்டு வீட்டுக்குப் போக எனக்குத் தெரியும். போயிருந்தால் பாட்டும் போயிருக்கும்.

மூடினேன்.

அவர் கண் முன்னாலேயே, இடது கையால், லீலாவதியின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரைக் கடைசிவரை இறக்கினேன்.

தென்னையில் கட்டிய ஒலிபெருக்கியில் ஆர்மோனியம் மட்டும் கேட்டது. பந்தலில் எவனோ கத்தினான்: “மாமனாரே மருமக வாய அடைச்சிட்டாருடா!”

சிரிப்பு.

லீலாவதி நிறுத்தவில்லை; மைக்கை ஒட்டிக்கொண்டு மெல்லிய குரலில் பாடினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் வலது கையைப் பார்த்தாள். அது அவள் வரிசையில், ஃபேடருக்கு மேலே இருந்த திருகின்மேல் இருந்தது.

ஒவ்வொரு மைக்குக்கும் மிக்சரில் ஒரு வரிசை உண்டு. குரல் மேலே நுழைந்து கீழே இறங்கும். தோட்டத்து வாய்க்காலில் மதகுக்கு மேலேயே ஒரு கிளை பிரிந்து போகுமே, அதைப்போல ஃபேடருக்கு மேலேயே ஒரு பாதை பிரிகிறது. கேசட்டுக்குப் போகும் ஒயரைத் தனபாலன் அந்தப் பாதையில்தான் மாட்டியிருந்தான். அதன் அளவைக் கூட்டுவது என் வலது கை இருந்த திருகு. ஒலிபெருக்கி கூவினால் ஃபேடரை இறக்குவோம். அதனால் பதிவு கெடக்கூடாது என்பது அவன் கணக்கு.

மதகை அடைத்தால் கிளையில் தண்ணீர் நிற்காது. அது எனக்குத் தெரியும். அவனோடு பெட்டியருகில் உட்கார்ந்து பழகிய லீலாவதிக்கும் தெரியும்.

நல்லசாமி குனிந்து கேசட் இயந்திரத்தைப் பார்த்தார். சத்தம் நுழைந்தால் ஆடும் அதன் முள் துள்ளிக்கொண்டிருந்தது.

“இது ஏன் இன்னும் ஆடுது?”

“ஆர்மோனியம்,” என்றேன்.

அந்த நேரம் பார்த்து ஐயாவு கையை எடுத்து நெற்றி வேர்வையைத் துடைத்தார்.

ஒலிபெருக்கி செத்துப்போனது. முள் ஆடியது.

நல்லசாமி என்னைப் பார்த்தார். நான் நிமிர்ந்து நின்றேன். நான் யாருக்கும் குனிந்ததில்லை, அன்றைக்கும் குனியவில்லை.

ஐயாவு துண்டைப் போட்டுவிட்டுக் கட்டைகளை ஓங்கி அழுத்தினார். முழுப் பந்தலும் அதிர்ந்தது, முள்ளும் கூடவே எகிறியது.

“அதான பாத்தேன்,” என்று தலைவர் திருப்தியாகப் போய்விட்டார்.

லீலாவதி கடைசி அடிவரை பாடினாள்.

கேட்டபடியே கேசட்டைக் கொடுத்தேன். அவள் பாட்டு முதலில். மேலே யார் பெயரும் எழுதவில்லை.

மூன்று வருடமாக ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் அதே தென்னையில், அதே ஒலிபெருக்கியில் அந்தப் பாட்டுதான் முதல் பாட்டு. நல்லசாமி கண்ணை மூடிக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறார். ஒரு அடிக்கு மேல் அவர் ஒலிக்க விடாத குரல் அது. எப்படி அடையாளம் தெரியும்?

மாமனார் மருமகள் வாயை அடைத்த கதையை ஊர் பேசியது. பேசட்டும் என்று இருந்தேன். வாயைத் திறந்திருந்தால் அன்றைக்கே கேசட்டை எடுத்திருப்பார்கள். இனி எடுக்கட்டும் பார்க்கலாம். அம்மன் கோபிக்க வேண்டுமென்றால் இந்நேரம் கோபித்திருப்பாள்.

முதல் பாட்டைப் பாடுவது மதராஸ் பாடகி, சிவானந்தம் எங்கிருந்தோ எடுத்துச் சேர்த்துவிட்டார் என்று நல்லசாமி வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மதராஸ் பாடகி அல்ல. பாடுவது லீலாவதி. என் மருமகள்.