கண்டுகொள்ளாதே பட்டியல்

நாகலூர் எஸ்டேட் ஆபீஸ் ஜன்னலில் பனி அப்பிக் கிடக்கிறது. போன மாதம்வரை ரைட்டராக இருந்து, பித்தளைப் பலகையில் 'தொழில்நுட்ப இயக்குநர்' ஆகிவிட்ட ஏசுராஜ், எஸ்டேட் விடுதி விருந்தினர்களின் ஆதார் எண்களைத் திறக்கும் பாஸ்வேர்டு ஃபைலை நேற்று 'கிட்' என்னும் இணையக் கோப்புக் கிடங்கில் ஊரறிய ஏற்றிவிட்டு, இப்போது அதன் பெயரை, ஏற்றக் கூடாத ஃபைல்களுக்கான புறக்கணிப்புப் பட்டியலில் ஒற்றை விரலால் தட்டுகிறார். "ஏத்துனதுக்கு அப்பறம் எழுதுனா அது கேக்காதுங்க சார். பாஸ்வேர்டை மாத்துங்க" என்று கெஞ்சுகிறாள் புரோகிராமர் ஷீனா, மாற்றும் அதிகாரம் அவருக்கு மட்டுமே. "கண்டுக்காதேன்னு டைரக்டரே எழுதியாச்சு, அப்பறம் என்ன கண்ணு?" காப்பி உறிஞ்சும் சத்தம். ஷீனா தன் திரையைத் திருப்பிக் காட்டுகிறாள்: அந்த ஃபைலை ஏற்கெனவே நகலெடுத்தவர்கள் பதினேழு பேர். ஏசுராஜின் முகம் மலர்கிறது. "ஒரே நாள்ல பதினேழா! நம்ம எஸ்டேட்டுக்கு நொம்ப மவுசுதான்" என்று, முதலாளிக்கு அனுப்பப் போனைத் தூக்கிப் படம் பிடிக்கப் போகிறார். ஷீனாவின் விரல் இன்னும் அந்த எண்மேலேயே இருக்கிறது. "வெரலை எடு கண்ணு, மறைக்குது."