சாம்பிள் சீட்

"ஊருக்கே கொடுக்கிற வண்டியை உங்க மாமாவுக்குக் கொடுக்க மட்டும் உனக்குக் கை வராதாடா?"

மாடிப்படியில் நின்று நான் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. திறக்கட்டும். என் தம்பியின் லட்சணம் நாலு பேருக்குத் தெரியட்டும்.

மாடியில் அவன் குடியிருக்கிறான். கீழே நான், என் வீட்டுக்காரர், மாமியார். நான் பள்ளிக்கூட யூனிஃபார்ம் தைக்கிறேன். அவன் கடை வைத்து பைக்குகளுக்கு சீட் தைக்கிறான்.

என் வீட்டுக்காரர் கணக்கு வாத்தியார். அன்றைக்குப் பரீட்சை டியூட்டி. எட்டரைக்குள் பள்ளிக்கூடத்தில் இருக்க வேண்டும். பஸ்ஸை விட்டுவிட்டார்.

"நானே கொண்டு போய் விடறேன்க்கா. ரெண்டு நிமிஷம், சட்டையை மாட்டிக்கறேன்."

"நீ எதுக்கு? பதினஞ்சு வருஷம் வண்டி ஓட்டினவர் அவர். சாவியைக் கொடு."

"பிரேக் கொஞ்சம் சரியில்லக்கா."

"நேத்து பிளம்பர் எடுத்துட்டுப் போனாரே?"

"அப்ப சரியா இருந்துச்சு."

கேட்டீர்களா கதையை!

பிளம்பர் ஓட்டலாம். எதிர்வீட்டு போட்டோகிராபர் ஓட்டலாம். போன வாரம்தான் கியர் போடக் கற்றுக்கொண்ட கடைக்காரர் மகள்கூட ஓட்டலாம். என் வீட்டுக்காரர் தொடக் கூடாது. பழசாகிவிட்டது என்று இவர் தன் வண்டியை விற்று எட்டு மாசமாகிறது. அன்றிலிருந்து இதே கூத்துதான்.

அந்த வண்டியாவது பார்க்கிற மாதிரி இருக்கிறதா? பின்சீட்டில் உயரமாக ஒரு சாய்மானம், இரண்டு பக்கமும் கைப்பிடி, இடுப்புக்கு ஒரு பெல்ட். பச்சைக் குழந்தைக்குச் செய்த நாற்காலி தோற்றது. "பைப் வைக்க முடியலப்பா, கழட்டேன்" என்று பிளம்பர் கெஞ்சினார். "கஸ்டமருக்குக் காட்டற சாம்பிள்ண்ணே" என்று சொல்லிவிட்டான்.

எனக்குப் பொறுமை போய்விட்டது. அவன் சட்டையைத் தேடிய நேரத்தில் ஆணியில் தொங்கிய சாவியை எடுத்து வந்து என் வீட்டுக்காரர் கையில் வைத்தேன்.

"கிளம்புங்க. வர்றதை நான் பாத்துக்கறேன்."

அவர் சாவியையே பார்த்துக்கொண்டு நின்றார். சட்டையின் ஒரு கையை மட்டும் மாட்டிக்கொண்டு தம்பி படியில் தடதடவென்று இறங்கி வந்தான். வந்த வேகத்தில் அவர் கையிலிருந்து சாவியைப் பிடுங்கினான்.

என் மாமியார் முன்னாலேயே!

"நல்ல தம்பிம்மா உனக்கு" என்றார் மாமியார். வேறொன்றும் சொல்லவில்லை. அதுவே போதுமே.

"இனிமே எனக்குத் தம்பின்னு ஒருத்தன் கிடையாது. என் மூஞ்சியிலயே முழிக்காத!"

அவன் சட்டையின் மறு கையை மாட்டினான், வண்டியைக் கிளப்பினான். "ஏறுங்க மாமா, நேரமாச்சு."

இவரும் ரோஷமே இல்லாமல் ஏறி உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டார்.

சாயங்காலம் வந்ததும் நேராக என் தையல் மெஷின் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"திட்டணும்னா என்னைத் திட்டு. அவனைத் திட்டாத."

"ஏன், உங்களுக்குச் சூடு சொரணை இல்லைன்னா எனக்கும் இருக்கக் கூடாதா?"

"எட்டு மாசத்துக்கு முன்னாடி அவன் கடையில பேசிட்டே இருந்த நான் அப்படியே விழுந்துட்டேன். வலிப்பு. கண்ணைத் திறந்தா அவன் மடியில என் தலை."

மெஷினை மிதித்த என் கால் நின்றுவிட்டது.

"அவன்தான் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனான். முழுசா ஒரு வருஷம் வராம இருந்தாத்தான் வண்டியைத் தொடலாம்னுட்டாங்க. வீட்ல சொல்லாதடான்னு கெஞ்சினேன். 'சொல்லல மாமா, ஆனா சாவியைக் கனவுலகூட நினைக்காதீங்க'ன்னான்."

"அப்ப தினமும் ராத்திரி வைட்டமின்னு சொல்லிப் போடறீங்களே, அந்த மாத்திரை?"

"அது வைட்டமின் இல்ல."

மெஷின் மேலிருந்த நூல்கண்டை எடுத்து உருட்டினார்.

"மூணு மாசத்துக்கு முன்னாடி மறுபடி வந்துச்சு. அவன் பின்னாடி உட்கார்ந்து போய்க்கிட்டிருந்தேன். எதிர்ல லாரி. அந்த பெல்ட் மட்டும் இல்லன்னா..."

அவர் முடிப்பதற்குள் நான் மாடிப்படியில் இருந்தேன்.

தம்பி ஸ்பாஞ்ச் வெட்டிக்கொண்டிருந்தான். என் முகத்தைப் பார்த்ததுமே அவனுக்குப் புரிந்துவிட்டது.

"ஏண்டா என்கிட்ட சொல்லல? எட்டு மாசமா எவ்வளவு பேசிட்டேன் உன்னை!"

"நீ திட்டினா நான் தாங்குவேன்க்கா, பழகின காதுதானே. நீ பரிதாபமா ஒரு பார்வை பார்த்தா மாமா தாங்க மாட்டார்."

அவன் காலில் விழலாம் போலிருந்தது. கூடப் பிறந்த கழுதையின் காலில் எப்படி விழுவது? மூக்கைச் சிந்திக்கொண்டேன்.

"அந்த பெல்ட்டைக் கழட்டிக் கொடு."

"எதுக்கு?"

"உன் தையலை யார் நம்பறது? இன்னும் ரெண்டு வரிசை அடிச்சுத் தரேன்."

சிரித்தான். எனக்குத்தான் அழுகை நிற்கவில்லை.

மறுநாள் காலையில் தம்பி வாசலில் வண்டியைக் கிளப்பி நின்றான். என் வீட்டுக்காரர் பின்னால் ஏறினார். மாமியார் ஜன்னலிலிருந்து கேட்டார், "இன்னைக்காவது சாவியைக் கொடுத்தானா உன் தம்பி?"

இவர் முகம் வெளிறிப் போய் என்னைப் பார்த்தார்.

"அவனா? சரியான கஞ்சப்பய, அத்தை! உயிரே போனாலும் கொடுக்க மாட்டான்!" என்று தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்திக்கொண்டே, இவர் இடுப்பில் பெல்ட்டை நானே மாட்டி, ஒரு தடவைக்கு இரண்டு தடவை இழுத்துப் பார்த்தேன்.